வாயை மூடிட்டுக் கேளு, பேராண்டி

கொட்டாவி விடுறதுக்கு எந்த ஆபீஸ்லயும் லைசென்ஸ் வாங்க வேண்டியதில்ல. ஜிஎஸ்டி கிடையாது, ஆதார் கேக்க மாட்டான், ஓடிபி வராது. அதனாலதான் நம்ம ஊரு இளவட்டம் அதை இம்புட்டுத் தாராளமா விடுது. விடு பேராண்டி, நான் குறுக்க நிக்கல. சித்த வைத்தியத்துல அடக்கக் கூடாத வேகம்னு 14 சொல்லி வச்சிருக்காங்க. தும்மல், பசி, தாகம், தூக்கம்னு போற அந்த வரிசையில கொட்டாவியும் இருக்கு. ஆக, அடக்குறதுதான் தப்பு, விடுறது தப்பில்ல. ஆனா கொட்டாவி விட்டுக்கிட்டே கேட்ட சேதியை வச்சுக்கிட்டு ஊருக்குள்ள நியாயம் பேச வராத. நான் சொல்ல வந்த புத்தி அம்புட்டுத்தான். மிச்சமெல்லாம் நீ சாவகாசமா கொட்டாவி விடுறதுக்குப் பொழுது வேணுமேன்னு சொல்றது.

நம்ம பக்கத்துல உருமி இல்லாத சாமி கும்பிடு உண்டா? ஒரு பக்கத் தோலை வளைஞ்ச குச்சியால அமுக்கித் தேய்க்கையில அடிவயித்துல இருந்து ஒரு உறுமல் கிளம்புமே, ஊர்ல பாதிப் பேருக்கு அதுலதான் அருள் இறங்கும். போன கும்பிடுல அந்த உருமி முழங்கிக்கிட்டு இருக்கையில நீ பந்தக்கால்ல சாஞ்சு நின்ன. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் செல்லைத் தடவுன அசதி. கடவாய்ப்பல்லு தெரிய வாயைப் பொளந்துக்கிட்டே, "என்ன தாத்தா, உருமி டல்லடிக்குது"ன்ன. நல்லவேளை, உருமிக்காரர் காதுல அது விழல. விழுந்திருந்தா அந்தக் குச்சிக்கு வேற சோலி கிடைச்சிருக்கும்.

உருமி டல்லடிக்கல ராசா. உன் காதுக்குள்ள ஒருத்தன் தோலை இழுத்துப் பிடிச்சுக்கிட்டான்.

காதுக்குள்ள செவிப்பறைன்னு ஒண்ணு இருக்கு. குறுக்களவு ஒரு சென்டிமீட்டருக்குக் கிட்ட, கனம் ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு. அதுக்குப் பின்னால சுத்தி, பட்டடை, அங்கவடின்னு மூணு குட்டி எலும்பு. அங்கவடி சுமார் 3 மில்லிமீட்டர், மனுசன் உடம்புலயே சின்ன எலும்பு அதுதான். வெளியில இருந்து வர்ற சத்தம் செவிப்பறையை ஆட்டும், அது இந்த மூணு எலும்பையும் ஆட்டும், அப்படியே உள்காதுக்குப் போகும். நடுவுல அந்தச் சுத்தி எலும்புல ஒரு தசை கட்டியிருக்கு. அது சுருங்குனா செவிப்பறை உள்பக்கமா இழுபட்டு விறைக்கும். விறைச்ச தோலு தணிஞ்ச சத்தத்துக்கு லேசுல அசையாது. கீச்சுச் சத்தத்துக்கு அம்புட்டுத் தடை இல்ல. உருமியோட உறுமல் தணிஞ்ச சத்தம். அதனால முதல் வெட்டு அதுக்குத்தான் விழும்.

வாயைப் பொளந்ததுக்கும் காதுத் தசைக்கும் என்ன சம்பந்தம்னு கேப்ப. தாடையை ஆட்டுற தசை, அண்ணத்தை இழுக்குற தசை, செவிப்பறையை இழுக்குற இந்தத் தசை, எல்லாத்துக்கும் உத்தரவு வர்றது முக்கிளை நரம்போட ஒரே கிளையில இருந்துதான். நீ முறுக்கைக் கடிக்கையில உன் பல்லுச் சத்தம் உனக்கே இடியா இறங்காம இருக்குன்னா, அதுல இந்தத் தசைக்கும் பங்கு இருக்கு. தாடை வேலை செய்யுதா, காதைக் கொஞ்சம் இறுக்கிக்கோங்கிறது உடம்போட ஏற்பாடு. கொட்டாவியில தாடை முழுசா கீழ இறங்குது. உத்தரவும் முழுசா போகுது.

வெளிச்சத்தம் கொறைஞ்சதோட கதை முடியல. கொட்டாவி உச்சத்துல இருக்கையில காதுக்குள்ள 'கும்ம்ம்'முன்னு ஒரு இரைச்சல் கேக்குமே, அது எங்கிருந்து வருது? சுருங்குற தசை சும்மா சுருங்காது, அதிரும். வில்லியம் ஹைடு வோலாஸ்டன்னு ஒரு இங்கிலீசுக்காரர் 1809லயே இதைக் காதால அளந்து பாத்திருக்கார். கட்டைவிரலைக் காதுல அடைச்சு, கையை இறுக்கி முறுக்கிக் கேட்டா, எட்டத்துல கல்லு பாவின ரோட்டுல வண்டி ஓடுற சத்தம் வருதுன்னார். செகண்டுக்கு 20லருந்து 30 அதிர்வுன்னு கணக்கும் சொன்னார். நீயும் அமுக்கிப் பாரு, செலவு இல்லாத சோதனை. கையில இருக்குற தசைக்கே அந்தச் சத்தம்னா, செவிப்பறையோட எலும்புலயே கட்டிக் கிடக்குற தசைக்கு எம்புட்டு இருக்கும்? சில பேருக்குக் கொட்டாவியே இல்லாம அந்தத் தசையை இழுக்கத் தெரியும். நெனச்ச நேரத்துல காதுக்குள்ள கும்முன்னு கேக்கும். நம்ம ஊர்ல அப்பேர்ப்பட்டவன் இருந்தா யாருகிட்டயும் சொல்லிக்க மாட்டான். பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா பொழப்பு போயிரும்.

ஆக, அன்னைக்கு நடந்த கணக்கு இதுதான். உருமிக்காரரோட உறுமலை நீ வெளிய நிறுத்திட்ட. உன் சொந்த உறுமலை உள்ள கூப்பிட்டு உக்கார வச்சுட்ட. வரி கொடுத்தது ஊரு, வாசிச்சது அவரு, நீ கேட்டது உன்னைய.

நம்புறதுக்குக் கஷ்டமா இருந்தா சோதனை ஒண்ணு சொல்றேன். நம்ம வீட்டுப் பெருசுக கொட்டாவி வந்தா "சிவ சிவா"ன்னு வாய்க்கு நேரா சொடக்குப் போடும். அந்தச் சொடக்கை வாய்க்கு நேரா போடாம காதுக்குப் பக்கத்துல போட்டுப் பாரு. டக்குன்னு தெளிவாக் கேக்கும். அது கூர்மையான சத்தம், விறைச்ச தோலுலயும் பாஞ்சு போயிரும். அதே நேரத்துல பக்கத்து வீட்டு மாவு மில்லு மோட்டார் ஓடுச்சுன்னா, அது மட்டும் தூரமாப் போயிட்டு வரும். ஒரே காது, ஒரே கொட்டாவி, ஆனா ஒருத்தனுக்கு வாசல் தொறந்திருக்கு, ஒருத்தனுக்குச் சாத்தியிருக்கு. கொட்டாவி பாரபட்சம் பாக்கும் பேராண்டி. அதனாலதான் கேக்கவே இல்லைன்னு உனக்குத் தோணாது. கேக்குது, ஆனா சாரம் இல்லாமக் கேக்குதுன்னு தோணும். முழுச் செவிடனுக்குச் சந்தேகம் வரும், ரெண்டாவது தடவை கேப்பான். அரைக்காதுக்காரன் கேக்க மாட்டான், தீர்ப்புச் சொல்லிருவான்.

காதுல ரெண்டு பக்கமும் வெள்ளையா மொச்சைக்கொட்டை சொருகிக்கிட்டுத் திரியுறியே, அந்தப் ப்ளூடூத் சமாச்சாரத்துக்கும் இதுல பங்கு உண்டு. தாடை எலும்போட முனை காது வழிக்கு நேர் முன்னால உக்காந்திருக்கு. வாயை அகலத் தொறந்தா அது முன்னால நகரும், காது வழி கொஞ்சம் விரியும். விரிஞ்சா சொருகி வச்சது நெகிழும், ஓரத்துல சந்து விழும். அந்தச் சந்துல முதல்ல ஒழுகி ஓடுறது தணிஞ்ச சத்தந்தான். கேட்டுக்கிட்டு இருந்த பாட்டுல தவில் காணாமப் போகும், தாளம் மட்டும் டிங்கு டிங்குன்னு மிஞ்சும். நீ உடனே கடைக்காரன்கிட்டப் போயி "அண்ணே, பேஸ் போயிருச்சு, மாத்திக் குடுங்க"ன்னு நிப்ப. அவன் வாங்கி அவன் காதுல வச்சுப் பாப்பான், நல்லாத்தான் கேக்கும். அவன் காலைல டீ குடிச்சவன்.

அப்ப கொட்டாவியே கூடாதான்னு மூஞ்சியைத் தொங்கப் போடாத. கொட்டாவிக்குன்னு ஒரு இடம் இருக்கு. வத்தலக்குண்டுல இருந்து கொடைக்கானல் போற பஸ்ஸு.

நம்ம திண்டுக்கல் டவுனு கடல் மட்டத்துக்கு மேல 300 மீட்டருக்குள்ள. கொடைக்கானல் 2,100 மீட்டர். கீழ இருக்குற காத்தழுத்தத்துல ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு மேல போறதுக்குள்ள கொறைஞ்சு போகும். வெளிக்காத்து கொறையக் கொறைய, செவிப்பறைக்குப் பின்னால அடைஞ்சு கிடக்குற காத்து அதை வெளியத் தள்ளும். செவிப்பறை உப்பி விறைக்கும். பழைய கதைதான், விறைச்ச தோலு சத்தம் விடாது. காட்ரோடு தாண்டி வளைவு ஏற ஆரம்பிச்சா, கண்டக்டர் டிக்கெட்டுக்குக் கேக்குறது கனாவுல கேட்ட குரலா இருக்கும். டம் டம் பாறையில இறங்கி எலிவால் அருவியைப் பாப்ப. 975 அடி உசரம், எதிர் மலையில வெள்ளை நூலாத் தொங்கும். அது எட்டத்துல இருக்கு, சத்தம் கேக்கலைன்னா நியாயம். ஆனா மேல வெள்ளி அருவிக்குப் பக்கத்துலயே போயி நின்னு, தண்ணி விழுது, சத்தம் விழலையேன்னு முழிப்பாங்க பாரு, அது காதோட சோலி.

அங்கதான் கொட்டாவி கைகுடுக்கும். நடுக்காதுல இருந்து தொண்டைக்கு மேல மூக்குக்குப் பின்னால வரைக்கும் ஒரு குழாய் ஓடுது. பெரியவங்களுக்கு ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் நீளம். 1560கள்ல இத்தாலிக்காரர் பார்த்தலோமியோ யூஸ்டாக்கி அதை விவரமா எழுதி வச்சார். 1704ல இன்னொரு இத்தாலிக்காரர் வல்சால்வா தன்னோட காதுப் புஸ்தகத்துல அவர் பேரையே அதுக்குச் சூட்டிட்டார். அந்தக் குழாய் எப்பவும் தொறந்து கிடக்காது. நாகல் நகர்ப் பட்டறையில அரத்தால ராவிச் செஞ்ச நம்ம ஊருப் பூட்டு மாதிரி, கம்முன்னு பூட்டியே இருக்கும். 2019ல அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடு குடுத்தாங்க, இந்தப் பூட்டுக்கு யாரும் குடுக்கல. இதுக்கு ரெண்டு சாவி. எச்சி முழுங்குறது ஒண்ணு, கொட்டாவி ஒண்ணு. அண்ணத்தை இழுக்குற தசைன்னு சொன்னேனே, அதுதான் குழாயோட வாயை இழுத்துத் தொறக்குது. கொட்டாவியில அந்த இழுப்பு பலமா இருக்கும். 'டப்'புன்னு ஒரு சத்தம், உள்காத்தும் வெளிக்காத்தும் சமமாயிரும். பெருமாள்மலையில ஒரு கொட்டாவி விட்டுப் பாரு. பஸ்ஸு இஞ்சின், பின்சீட்டு வாந்தி, பக்கத்துச் சீட்டுக் குடும்பச் சண்டை எல்லாம் ஒரே நேரத்துல காதுல வந்து இறங்கும். எதுக்குடா தொறந்தோம்னு இருக்கும்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. ஏறையில உள்ள இருக்குற காத்து அதுவாவே முட்டிக்கிட்டு வெளிய வந்துரும். இறங்கையிலதான் வம்பு. கீழ வர வர வெளிக்காத்து கனத்துக்கிட்டே வரும், செவிப்பறையை உள்ள அமுக்கும். குழாயும் தானாத் தொறக்காது, நீதான் தொறந்து விடணும். நம்ம ஆளுக என்ன பண்ணும்? போறப்ப ஜன்னலுக்குச் சண்டை போட்டுக் கண்ணைக் கொட்டாம வரும். வர்றப்ப வாயைப் பொளந்து தூங்கும். வத்தலக்குண்டுல எந்திரிச்சு, "ஊரே ஊமையாயிருச்சே"ன்னு காதைக் குடையும். இறங்கையில முழிச்சிரு, எதையாச்சும் மென்னுக்கிட்டே வா, முழுங்கு, கொட்டாவி வந்தா மகராசனா விடு. கைக்குழந்தை வச்சிருக்குறவங்க இறங்கையில பால் குடுத்தா அது முழுங்கும், காது தொறக்கும். அதுகளுக்குக் குழாய் குட்டையா, படுக்கை வாட்டமா இருக்கு, சட்டுன்னு சீண்டிக்கும்.

சளி பிடிச்சிருக்கையில மலை ஏறாத. குழாய் வீங்கிக் கிடக்கும், ரெண்டு சாவியும் செல்லாது. மூக்கைப் பொத்திக்கிட்டு ஊதுனா தொறக்கும்னு ஒரு வித்தை இருக்கு. குழாய்க்குப் பேர் வச்ச அதே வல்சால்வா பேர்லதான் அதைச் சொல்றாங்க. மெல்ல ஊதணும். நீ சைக்கிள் டியூப்புக்குக் காத்தடிக்குற வேகத்துல ஊதாத. கீழ வந்து நாலு நாளாகியும் அடைப்பு விடல, வலிக்குது, நீர் வடியுதுன்னா அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில காது மூக்குத் தொண்டை டாக்டரைப் போய்ப் பாரு. கோழி இறகு, பைக்கு சாவி, காய்ச்சின எண்ணெய்னு வீட்டு வைத்தியம் பண்ணாத. அந்தக் காலத்துப் பெருசுக பண்ணுச்சேன்னா, பண்ணுச்சுகதான். அதுகள்ல எத்தனை பேரு கடைசியில காது கேட்டுச்சுன்னு எண்ணிப் பாரு.

இப்ப உருமிக்கு வருவோம். ஏன்னா உன் வழக்கு இன்னும் தீரல. "தாத்தா, சத்தம் கொறைஞ்சது சரி, சுதியே இறங்குன மாதிரி இருந்துச்சே"ன்னு நீ இழுக்குறது எனக்குத் தெரியுது. சில பாட்டுக்காரங்களே சொல்றதுதான். கொட்டாவி விடையில நாதஸ்வரம் ஒரு நூல் இறங்கிக் கேக்குதும்பாங்க. எல்லாருக்கும் அப்படி இல்ல. நம்ம கேள்வி ஒண்ணுதான். இறங்குனது நாதஸ்வரமா, கேட்டவனா?

சுதி நெசமாவே இறங்குறதும் உண்டு. அம்பாத்துரை கேட்டுல நின்னு பாரு. வைகை எக்ஸ்பிரஸ் ஊதிக்கிட்டே வரும். உன்னைத் தாண்டுற நிமிசத்துல அந்த ஊதல் 'ஈ'ல இருந்து 'ஊ'க்கு இறங்கும். வண்டி கிட்ட வர்றப்ப சத்தத்தோட அலை நெருங்கும், விலகுறப்ப விரியும். கேட்டுக்கிட்ட நிக்குற ஆட்டுக்காரருக்கும் அது இறங்கும், கேட் கீப்பருக்கும் இறங்கும், ஸ்கூட்டர்ல நிக்குற டீச்சரம்மாவுக்கும் இறங்கும். வெளிச்சத்துக்கும் இதே நியாயந்தான். நம்ம தலைக்கு மேல கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்துல 1909ல ஜான் எவர்ஷெட்னு ஒருத்தர் சூரியனோட கரும்புள்ளியைப் பாத்துக்கிட்டு இருந்தார். அந்த வெளிச்சத்துல இருக்குற கோடுக இருக்க வேண்டிய இடத்துல இருந்து கொஞ்சம் நகந்து நின்னுச்சு. கரும்புள்ளியில இருந்து வாயு வெளிப்பக்கமா ஓடிக்கிட்டு இருக்குன்னு அதை வச்சுக் கண்டுபிடிச்சார். உலகத்துல எங்க இருக்குற ஆய்வுக்கூடத்துல பாத்தாலும் அந்த நகர்வு தெரியும். இன்னைக்கும் அதுக்கு எவர்ஷெட் விளைவுன்னுதான் பேரு.

அவரு கோடு நகந்துச்சுன்னார், நீ உருமி டல்லடிக்குதுன்ன. ரெண்டு பேருமே மாறிப்போச்சுன்னுதான் சொன்னீங்க. அவருக்கு மாறுனது சூரியன்ல. உனக்கு மாறுனது தாடையில. இந்த வித்தியாசம் தெரியாமத்தான் ஊர்ல பாதிச் சண்டை. பழைய பாட்டுல இருந்த இனிமை இப்ப இல்லம்பான், பிரியாணியில ருசி போச்சும்பான், வாத்தியாருக்குச் சொல்லிக்குடுக்கத் தெரியலம்பான், பொண்டாட்டி குரல்ல பாசம் இல்லம்பான். நெசமாவே போயிருக்கலாம், நான் மறுக்கல. ஆனா சொல்றதுக்கு முன்னால கொஞ்சம் பொறு. வாயை மூடு. எச்சியை முழுங்கு. மறுபடியும் கேளு. அப்பவும் டல்லா இருந்தா, வா, நானும் கூட வந்து உருமிக்காரரைக் கேக்குறேன்.

"பக்கத்துல நின்ன ஆளைச் சாட்சிக்குக் கூப்பிட்டா ஆச்சு"ன்னு நீ நெனைப்ப. புத்திசாலித்தனந்தான். ஆனா கொட்டாவிக்கு அங்கயும் ஒரு கள்ளத்தனம் இருக்கு. அது ஒட்டிக்கும். ஒருத்தன் விட்டா எதிராளி விடுவான். அதைப் பாத்து மூணாமவன் விடுவான். பேச்சு எடுத்தாலே சில பேருக்கு வந்துரும். இப்ப உன் மூஞ்சி கோணுது பாரு, நானாப் பாத்துச் சொல்லல. ராபர்ட் ப்ரோவைன்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் வருசக்கணக்கா இதை ஆராய்ச்சி பண்ணுனார். ஒரு கொட்டாவி சராசரியா 6 செகண்டுன்னு அளந்தவரு அவருதான். மூளைக்குக் காத்து பத்தாமக் கொட்டாவி வருதுன்னு நம்மளுக்குச் சொல்லிக் குடுத்தாங்களே, அதையும் சோதிச்சுப் பாத்தார். சுத்த ஆக்சிஜனைக் குடுத்தும் பசங்க கொட்டாவி கொறையல. அதனால "ஆக்சிஜன் கம்மி தாத்தா"ன்னு என்கிட்ட சாக்கு சொல்லாத.

நீ யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுறியோ, அவன் உன் மூஞ்சியைப் பாத்த மறுநிமிசம் அவனும் வாயைப் பொளப்பான். அவன் காதும் விறைக்கும். "ஆமாண்ணே, உருமி டல்லுதான்"ம்பான். இப்ப ரெண்டு சாட்சி. ரெண்டு நாலாகும், நாலு பந்தலே ஆகும். கடைசியில வாசிக்கிறவரைத் தவிர அத்தனை பேரும் ஏகமனதா, மேளம் சரியில்லைன்னு தீர்மானம் போடுவீங்க. கூட்டம் பெருசா இருக்கிறதால உண்மையாயிருமா? கூடிக் கொட்டாவி விட்ட கூட்டம் அது.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1ன்னு கிராம சபை கூடுதே, அங்க போய்ப் பாரு இந்த லட்சணத்தை. வெயில் ஏறி நிக்கும், மைக்கு ஒரு மாதிரி இழுக்கும், தீர்மானத்தை ஒருத்தர் ஒரே மூச்சுல வாசிப்பார். முன்வரிசையில ஒரு பெருசு ஆரம்பிக்கும். ஆறு செகண்டு. அது பின்வரிசைக்குப் போயிச் சேர இன்னொரு ஆறு செகண்டு. எந்தத் தெருவுக்கு எந்தச் சாக்கடை, எம்புட்டு ரூவான்னு அந்த நேரத்துலதான் சரியா வாசிப்பாங்க. அப்புறம் "எல்லாருக்கும் சம்மதமா?" கை தூக்கியாச்சு, நோட்டுல கையெழுத்தும் ஆச்சு. ஆறு மாசம் கழிச்சு, "எங்க தெருவுக்குச் சாக்கடை எங்க?"ன்னு கேட்டா, "நீங்கதான சம்மதிச்சீங்க"ம்பாங்க. நான் யாரையும் குத்தம் சொல்லல. வாசிச்சவரு சத்தமாத்தான் வாசிச்சார். கேட்டவங்க காது வேலையா வெளிய போயிருந்துச்சு.

அதனால எங்க விடலாம், எங்க விடக் கூடாதுன்னு தெரிஞ்சு விடு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல முருங்கைக்காய் மூட்டையை இறக்கிட்டு, விலை கூவுறப்ப கொட்டாவி விடாத. அங்க கூவுறவரு ஒரு தடவைதான் சொல்லுவாரு, சரக்கு கேரளா லாரிக்கு ஏறிரும். மாட்டுச் சந்தையில வேணா விடு. துண்டைப் போட்டு மூடி, உள்ள விரலைப் பிடிச்சு விலை பேசுற இடம் அது, காதுக்குச் சோலி இல்ல. ஆனா அங்கயும் மாட்டுக்காரன் மூஞ்சிக்கு நேரா விட்டுறாத. இவனுக்கு மாடு வேணாம் போலன்னு நெனச்சு அவனே ஐநூறு கொறைப்பான். சரி, அப்ப விடு.

வீட்டுக்குள்ள மட்டும் ரொம்ப சூதானமா இரு. உங்க அப்பத்தாவுக்கு இந்த நரம்பு, தசை, குழாய்னு ஒரு எழவும் தெரியாது. ஆனா அவ கண்டுபிடிச்சது எந்த இத்தாலிக்காரனும் கண்டுபிடிக்காதது. சாயங்காலம் நான் கட்டில்ல சாயுற வரைக்கும் பேசாம அரிசி பொடச்சுக்கிட்டு இருப்பா. எனக்கு வாய் தொறக்க ஆரம்பிச்சதும், தலையைக் கூடத் தூக்காம, "நகைச்சீட்டுல ஒண்ணு சேந்துருக்கேன், எம் பொறந்தவன் மக சடங்குக்குச் சீரு ரெண்டு தட்டு கூடுதலா வைக்கணும்"னு ஒரே மூச்சுல சொல்லிருவா. எனக்குக் காதுக்குள்ள கும்முன்னு மட்டும் கேக்கும். வாயை மூடுறதுக்காகத் தலை தன்னால கீழ இறங்குமே, அதை அவ 'சரி'ன்னு எடுத்துக்குவா. ஒரு மாசம் கழிச்சுக் கேட்டா, "அன்னைக்கே சொன்னேனே, தலையாட்டுனீங்களே"ம்பா. பொய் சொல்லல பாரு. சொன்னதும் நெசம், ஆட்டுனதும் நெசம்.

நல்ல வித்தையை வீணாக்கக் கூடாது பேராண்டி. நான் எவர்ஷெட்டைப் பத்திச் சொல்லிக்கிட்டு இருக்கையில நீ ஒரு நீளமான கொட்டாவி விட்ட. அந்த நேரத்துல, வர்ற மாசிக் கும்பிடுக்கு உருமிக்காரங்க சம்பளம், சாப்பாடு, வண்டிச் செலவு அம்புட்டும் உன் பேர்ல போட்டுக்கிறவான்னு கேட்டேன். நீ தலையாட்டுன. நாட்டாமை நோட்டுல எழுதியாச்சு, சாட்சிக்கு உங்க அப்பத்தா கையெழுத்து. டல்லடிச்சா நீயே சத்தமா அடிக்கச் சொல்லு, காசு குடுக்குறவன் நீதான.